வடைக் கடைக்குப் போகாத தீபம்

அது மட்டுமா, அந்தக் கோடி வீட்டுக்காரி புதுசா வாங்கின கிரைண்டரை இன்னும் அட்டைப்பெட்டியிலயே வெச்சிருக்காளாம். யாரு கண்ணும் படக்கூடாதாம். சிரிக்காதம்மா. நானும் ஒரு காலத்துல ஒண்ணை யாருக்கும் காட்டாம டிரங்குப் பொட்டியில பூட்டி வெச்சிருந்தவதான். இன்னா தெரியுமா? பேப்பரு.

எனக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியும். எங்க போனாலும் கைநாட்டுதான். ஆனா நம்ம ஊரு தனி ஜில்லா ஆச்சு பாரு, அந்த வருஷத்துலேருந்து கோயிலுக்குப் பக்கத்துல ஒரு படிப்பகத்துல பெருக்குற வேலை பார்த்தேன். மாசம் முடிஞ்சா பழைய பேப்பரைக் கட்டி பரண் மேல ஏத்தணும். தீபத்துக்கு மறுநாள் பேப்பரு பார்த்திருப்பியே, மலை மேல ஜோதி, பக்கத்துல அண்ணாமலையாரு, இம்மாம் பெரிய படம். அதைக் கட்டுல வெச்சுக் கட்ட எனக்குக் கை வராது. பரணு நெறஞ்சா எடைக்குப் போட்டுடுவாங்க, எடைக்குப் போனா வடைக் கடைக்குத்தான் போவும்னு நெனச்சேன். பௌர்ணமி கிரிவலத்தன்னிக்கு அடி அண்ணாமலைப் பக்கம் பாரு, வடையைத் தின்னுட்டுத் தாளைக் கசக்கிப் போடுறாங்க, அது மேலயே ஜனங்க நடக்குது. சாமி மூஞ்சியில எண்ணெயும் காலும் படணுமா? அதனால பிளேடால படத்தை மட்டும் கீறி எடுத்துக்குவேன். பொட்டியில கல்யாணப் புடவைக்கு அடியில வெச்சுடுவேன். அந்தப் புடவையை எங்க நாத்தனா கேட்டு ஒரு சண்டை வந்துச்சு பாரு, அது வேற கதை. வருஷத்துக்கு ஒரு படம். திருட்டுன்னு ஒரு நாளும் தோணலம்மா.

நான் வேலையை விட்ட பின்னாடி, காலேஜ் படிக்கிற என் பேத்தி லீவுல அதே எடத்துக்குப் போனா. பழைய பேப்பரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்களாம். அவளுக்கு இன்டர்ன்னு பேரு. சம்பளம் கெடையாது, முடிச்சா சர்ட்டிபிகேட்டு. அது இருந்தாத்தான் மெட்ராஸ்ல மேல்படிப்பு கெடைக்கும்னு சொன்னா. ஒவ்வொரு தாளா பிரஷ்ஷால தூசி தட்டி, கண்ணாடிக்கு அடியில விரிப்பாளாம், மேலேருந்து கேமரா டொக்குன்னு புடிக்குமாம். வீட்டுக்கு வந்தா தும்மல்தான். மூக்கு ஓரத்துல நல்லெண்ணெய் தடவி விடுவேன்.

ஒரு நாளு மூஞ்சி வீங்கி வந்தா. தட்டைத் தொடல.

"இன்னாடி ஆச்சு?"

"தீபத்து பேப்பர்ல எல்லாம் யாரோ படத்தை வெட்டியிருக்காங்க ஆயா. ஒவ்வொரு வருஷமும். ஜன்னல் மாதிரி ஓட்டை. நான்தான் வெட்டினேன்னு படிப்பகத்து சாரு நெனைக்கிறாரு."

"நீ ஏண்டி வெட்டணும்?"

"கட்டைப் பிரிச்சது நானு, கத்திரிக்கோலு என் மேசையில இருந்துச்சு. இந்த ஊரு பேப்பர்ல அந்த நாளுதான் முக்கியமாம். யாருன்னு தெரியலன்னா நாளைக்கு வராதேன்னுட்டாரு."

எனக்குக் கரண்டி கையிலயே நின்னுபோச்சு. பொட்டியைத் தொறந்து புடவையைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆயா... நீயா?"

"சாமியாச்சேன்னுதான் கண்ணு."

திட்டுவான்னு பார்த்தேன். என் முந்தானையிலயே மூஞ்சைத் தொடச்சுகிட்டு, "ஒரு மடிப்புகூட இல்லாம வெச்சிருக்க"ன்னா. அப்புறம், "பரண்ல கெடைச்சதுன்னு நானே குடுத்துடறேன், நீ வராத"ன்னா. அதெப்படி? அப்பவும் பழி அவ மேலதானே? மறுநாள் நானும் போனேன்.

சாரு நான் விட்டப்புறம் வந்தவரு. படத்தையும் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு.

"வடைக் கடைக்குப் போயிடும்னு பயந்தேங்க சார்."

"காலத்துக்கும் வெச்சிருக்கத்தானேம்மா கட்டி வெச்சது?"

"அதை எனக்கு யாருங்க சொன்னா?"

அவரு பேத்திக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாரு. "தப்பா நெனச்சுட்டேம்மா"ன்னாரு. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அடுத்து எந்தப் படம் எந்த வருஷம்னு குழப்பம். படத்துல தேதி இல்ல, பின்பக்க எழுத்தைப் படிச்சுப் படிச்சுப் பார்க்கறாரு. நான்தான் ஓரத்தைப் பார்த்து எடுத்துக் குடுத்தேன். "இது எனக்குக் கை வீங்கியிருந்த வருஷங்க, அதான் கோணலு. இது புது பிளேடு, நேரா வந்துச்சு. இது இவ பெரியமனுஷி ஆன வருஷம், சடங்கு வேலை, அவசரத்துல கீறினது."

"ஆயா, சும்மா இரு."

சாரு குனிஞ்சுகிட்டு சிரிச்சாரு. ஓட்டையில வெச்சா ஒவ்வொண்ணும் அப்படியே உக்காந்துச்சு.

படம் இனிமே பேப்பரோடவே இருக்கணும்னாரு. எனக்கு மனசு கொஞ்சம் கலங்குச்சு. பேத்தி என்னைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சா. ஜோதி பளிச்சுனு தெரியுது, நான் கன்னத்துல போட்டுகிட்டேன். "இதுக்குள்ள இருந்தா யாரு காலும் படாது ஆயா"ன்னு ஜோதியைப் பெருசாக்கினா. இன்னும் கொஞ்சம்னு கேட்டேன். பெருசாகிப் பெருசாகிக் கடைசியில வெறும் புள்ளியாப் போச்சு. போதும்டின்னேன்.

மிச்ச நாளும் அவளுக்குச் சோறு எடுத்துட்டுப் போனேன். தாள் சுருண்டுக்கும், ஓரத்தைப் புடின்னுவா. நான் புடிப்பேன், அவ டொக்குன்னு... இரும்மா, தூறல் விழுது. மாடியில மொளகா காயுது, நீ அந்த மொறத்தை எடுத்துகிட்டு வா.