கனமானவர்கள் மட்டும் ஏறவும்

அந்த ஜீப்பை நான் வாங்கிய நாளிலேயே அதன் பின்பக்கம் உட்கார்ந்துதான் இருந்தது. கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கல்லடிக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், தகரமும் சீமெந்தும் ஏற்றிக் கடற்கரை மணலில் அதை ஓட்டித் தள்ளியிருந்தது. சண்டை மீண்டும் தொடங்கியதும் ஏலத்தில் விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். ஏல விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டுப் போனவன் நான் ஒருவன்தான். வாசிக்காமல் வந்தவர்கள் நல்ல வாகனங்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதே கடல்தான் என் மனைவியின் முதுகையும் உடைத்தது. குளியலறைச் சுவர் அவள்மேல் சரிந்தது. உயிர் தப்பினாள். தடியை ஊன்றி வீட்டுக்குள் நடக்கும் அளவுக்குத் தேறினாள். ஆனால் வாகனத்தில் ஏறி ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் முகம் வெளுத்துவிடும். குலுக்கம் கூடாது என்று டொக்டர் சொன்னார். அந்தக் காலத்து மட்டக்களப்பு வீதிகளைப் பார்த்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட ஆலோசனை என்று புரியும்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்டூரில் இருந்தார். கடல் வந்த வருடத்திலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முதலில் முதுகு விடவில்லை. பிறகு அந்த மேற்குக் கரையில், படுவான்கரையில், சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்தது. கிழக்கில் யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலியில் அறிவித்தார்கள். வாவியைக் கடக்கும் பட்டிருப்புப் பாலத்தடிச் சோதனைச் சாவடிக்கு மட்டும் யாரும் அதை அறிவிக்கவில்லை போலும். அக்கா மண்டூருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் வயிற்றில் கட்டி என்று செய்தி வந்தது. அடுத்து வந்த செய்தி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பது.

"என்னை எப்படியாவது அங்க கொண்டுபோய் விடுங்க," என்றாள் மனைவி. "போனில குரலக் கேட்டு நான் என்ன செய்ய?"

ஒருமுறை முயன்றோம். ஆரையம்பதி தாண்டுவதற்குள் ஜீப்பின் பின்பக்கம் மூன்று குழிகளில் அடிதட்டி இரும்போடு இரும்பு மோதியது. மூன்றாவதில் அவள் என் தோளைப் பிடித்தாள். கிறுகிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டோம். ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியில் நான்கு பேர் சேர்ந்து அவளைக் கட்டிலிலிருந்து தூக்கியதற்கே மயங்கிப் போனாள். குருமண்வெளித் துறையில் ஓடும் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஜீப்பை அப்போது ஏற்றவில்லை, மறுகரையில் வேறு வாகனமும் கிடைக்காது. ஆகவே மிஞ்சியது பட்டிருப்புப் பாலமும் அந்த ஜீப்பும்தான்.

அதன் பின்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளையும் ஷொக் அப்சோபர்களையும் மாற்றுவதென்று தீர்மானித்தேன். தெரிந்த கராஜ்காரரிடம் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சேர், குறை நினைக்காதீங்க. பெரிய ஸ்பிரிங் போட்டா சாவடியில என்ன ஏத்தப்போறாய் எண்டு கேப்பானுகள். உங்களட்ட கேக்க மாட்டானுகள், என்னட்டத்தான் கேப்பானுகள்."

நியாயமான பயம். ஆகவே வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்வதென்று முடிவாயிற்று. எனக்கு வாகனத் திருத்தம் தெரியாது. ஆனால் திருத்தும் முறை தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அரச கந்தோரில் முப்பது வருடம் இருந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை.

பொருட்களைக் கொழும்பிலிருந்து எடுத்துத் தந்தவர் காத்தான்குடியில் இரும்புக்கடை வைத்திருந்த ஹாஜியார். என் பழைய சிநேகிதர். எந்த ரகம் வேண்டும் என்று நான் எழுதியே கொடுத்திருந்தேன். ஆள் போவதற்கான சாதாரண ஸ்பிரிங், பாரம் ஏற்றுவதற்கானது அல்ல. அவருடைய சீமெந்து லொறியில் வந்திறங்கியது பளபளக்கும் மஞ்சள் நிறத்தில், என் தொடையளவு தடிப்பில் இருந்தது.

"ஹாஜியார், இது எப்போதும் பாரத்தோட ஓடுற வாகனத்துக்கு உரியதெல்லோ?"

"சேருக்கெண்டு சொன்னதால ஆகத் திறமானதப் பாத்து எடுக்கச் சொன்னன்," என்றார் பெருமையோடு. "மத்தது மெலிசு சேர். அதப் போட்டா என்ட மரியாதை என்னாகிற?"

திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் அடுத்த லொறி எப்போது, எத்தனை சாவடிகளில் அதை இறக்கி ஏற்றுவார்கள், யாருக்குத் தெரியும்? அக்கா கஞ்சியும் குடிக்கிறாரில்லை என்று முதல்நாள்தான் செய்தி வந்திருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உதவிக்கு வந்தவன் மனைவியின் தம்பி. ஆரையம்பதியில் ஒரு பலசரக்குக் கடை. என்னைப் போலவே அவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவனிடம் முறையும் கிடையாது, அதனால் தைரியம் இருந்தது.

ஜக்கை வைத்தோம். கைப்பிடியை அடிக்க அடிக்க ஜக் உயர்ந்தது, ஜீப் உயரவில்லை. கல்லடி மணலில் ஜக்கின் அடி புதைந்துகொண்டே போனது.

"அத்தான், நீங்க ஜீப்ப உசத்தல்ல. பூமியப் பதிக்கிறீங்க," என்றான்.

கீழே வைக்க அகலமான பலகை வேண்டும். முற்றத்தின் மூலையில் ஒரு கதவு கிடந்தது. எங்கள் வீட்டுக் கதவல்ல. கடல் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது. முதிரை மரம், நீல நிறம், பூட்டுக்கூட உடையவில்லை. உரியவர்கள் தேடி வருவார்கள் என்று சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். யாரும் வரவில்லை. இருவரும் அதைத் தூக்கி வந்து மணலில் போட்டு, அதன்மேல் ஜக்கை வைத்தோம். ஜீப் எழும்பியது.

அடுத்து நட்டுகள். கடற்கரை உப்பில் ஓடிய வண்டியின் நட்டு நட்டாக இருக்காது. போல்ட்டோடு ஒரே இரும்பாகிவிட்டிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினோம். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த மனைவி ஒரு கட்டத்தில் பொறுக்காமல் கேட்டாள்:

"நீங்க ரெண்டு பேரும் அதக் கழட்டுறீங்களா, இறுக்குறீங்களா?"

பார்த்தேன். ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்ததில் இடம் வலம் மாறிப்போயிருந்தது. அதுவரை இறுக்கிக்கொண்டுதான் இருந்தோம்.

"பெரியக்காட்ட போற அவசரம் அக்காக்கு," என்றான் தம்பி, தன் வெட்கத்தை மறைக்க.

"ஓம், அவசரந்தான். அவ எனக்காகக் காத்துக்கொண்டு கிடக்கா. உங்கட நட்டுக்காக இல்ல."

பொழுது சாயும் நேரத்தில் ஷொக்குகள் கழன்றன. அச்சை மெல்ல இறக்கியதும் பழைய ஸ்பிரிங் தானாக விழுந்தது. பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டேன், அது ஜீப்போடு வந்த திருத்தப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. புதியது பழையதைவிட நீளம். உள்ளே போக மறுத்தது. தம்பி அச்சின்மேல் ஏறி நின்று மிதிக்க, நான் தோளால் தள்ள, மறுநாள் மத்தியானம்தான் இரண்டாவதும் இருக்கையில் போய் உட்கார்ந்தது. ஜீப்பை மணலில் இறக்கி, அதன் பாரம் சக்கரங்களில் நின்ற பிறகு கடைசி இறுக்கத்தை இறுக்கினேன். அதுதான் முறை. பின்பக்கம் வாலைத் தூக்கிய பூனைபோல நின்றது.

அவளைப் பின்னிருக்கையில் தலையணைகளோடு இருத்தி ஒழுங்கை முடிவுவரை ஓட்டினேன். முன்பு அந்த ஜீப் பெரிய குழிகளை மட்டும்தான் சொல்லும். இப்போது ஒவ்வொரு பரல்கல்லையும் தனித்தனியாக அறிவித்தது. பாரம் ஏறினால்தான் அந்த ஸ்பிரிங் வளையும். வெறும் வண்டியில் அது இரும்புத் தூண்.

"நிப்பாட்டுங்க," என்றாள். குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாரம் ஏற்ற வேண்டும். தம்பி முற்றத்து மணலைக் காட்டினான், சாக்கில் கட்டி ஏற்றலாம் என்றான். மணல் மூட்டைகளோடு சாவடிக்குப் போனால் எந்தக் காவலரணை உடைத்தோம் என்று கேட்பார்கள். அரிசி மூட்டை ஏற்றினால் எல்லாவற்றையும் இறக்கிக் கம்பியால் குத்துவார்கள். ஆட்களை ஏற்றுவதுதான் வழி. மறுகரையில் உறவு வைத்துக்கொண்டு வாகனமில்லாமல் இருந்தவர்களுக்கா குறைவு? நான் எடை பார்த்துத் தெரிவு செய்தேன். பக்கத்து வீட்டு ரீச்சரும் அவருடைய கணவரும் வெல்லாவெளிக்குப் போகக் காத்திருந்தார்கள். இருவரும் நல்ல சரீரம்.

"என்ட வாழ்க்கையில முதல்தரம் இந்த உடம்புக்கு ஒரு உத்தியோகம் கிடைச்சிருக்கு," என்றபடி ரீச்சர் ஏறினார். ஜீப் ஒரு விரற்கடை தாழ்ந்தது. கணவர் ஏறினார். தம்பி ஏறினான். முற்றத்தைவிட்டு வெளியேறி முதல் குழியில் இறங்கினோம். பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது. கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன்.

"தோணியில போறமாதிரி இருக்கு," என்றாள்.

ஆரையம்பதி தாண்டினோம். களுவாஞ்சிகுடியில் திரும்பினோம். வழியெல்லாம் ரீச்சர் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லி அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தார். சிரித்தால் முதுகு வலிக்கும், அப்படியும் சிரித்தாள்.

பாலத்தடியில் ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். "எல்லாரும் இறங்கு. நடந்து போங்க. வாகனம் தனிய."

அவனுக்குப் பின்னால் வீதியில் வரிசையாகத் தென்னங்குற்றிகள் பதித்திருந்தார்கள், வேகமாக யாரும் பாயாதிருக்க. பாலம் முடியும்வரை, விட்டுவிட்டு, குற்றிகள். அதை நான் அறிந்திருந்தேன். அந்த இடத்தில்தான் எல்லோரையும் இறக்குவார்கள் என்பதையும் அறிந்திருந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்திருக்கவில்லை.

மனைவியை இருக்கவிட்டார்கள். டொக்டரின் கடிதத்தை மும்மொழியிலும் தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். மற்றவர்களும் இருக்கவேண்டும் என்று சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். உத்தியோக மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவன் நான். ஆனால் இந்த மனிதர்கள்தான் என் ஸ்பிரிங்கின் மருந்து என்பதற்கு அந்தப் பாடத்திட்டத்தில் வசனம் இருக்கவில்லை. இதற்குள் இன்னொருவன் கண்ணாடியை நீட்டி ஜீப்பின் அடியைப் பார்த்து, மஞ்சள் நிறத்தைக் கண்டுவிட்டான். அதிகாரியை அழைத்தார்கள். இளைஞர், மரியாதையானவர்.

"இது பாரம் ஏற்றும் ஸ்பிரிங். எதற்கு?"

"நோயாளிக்கு."

"நோயாளி எவ்வளவு எடை?"

ரீச்சர் பொறுமையிழந்தார். "தம்பி, நான்தான் பாரம். என்னை ஏறவிடுங்க," என்றார் அதிகாரியிடம், தமிழில். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

வெயிலில் நெடுநேரம் நின்றோம். கடைசியில் அதிகாரி எல்லாவற்றையும் நம்பினார். நம்பிய பிறகும் விதி விதிதான் என்றார். ஆட்கள் நடந்துதான் போகவேண்டும், ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டிவரும். அந்த வசனத்தை நான் என் மேசைக்கு முன்னால் நின்ற எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சரியான வசனம். மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாத வசனம்.

மூவரும் இறங்கினார்கள். ஜீப்பின் பின்பக்கம் எழுந்து நின்றது.

முதல் குற்றியில் ஏறினேன். நடக்கும் வேகத்தையும் விடக் குறைவாகத்தான் ஓட்டினேன். ஸ்பிரிங் கொஞ்சமும் வளையவில்லை. குற்றியின் முழு உயரமும் அவள் முதுகுக்குப் போனது. அவள் கத்தவில்லை, மூச்சை மட்டும் பிடித்து விட்டாள். இரண்டாவது. மூன்றாவது. தம்பி ஓடிவந்து பின்னால் தொங்கப் பார்த்தான். சிப்பாய் துவக்கை உயர்த்தினான். தம்பி கையை எடுத்துவிட்டு ஜன்னலோரமாக நடந்து வந்தான், அழுதுகொண்டு. கீழே வாவி அசையாமல் கிடந்தது.

பாலத்தின் நடுவில் நிறுத்தினேன். "கிறுகுவமா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "பின்னுக்கும் அவ்வளவு கட்டதானே கிடக்கு. அக்கா முன்னுக்கல்லவா இருக்கா. போங்க."

போனேன். வேறென்ன செய்வது? மறுகரையில் மூவரும் ஏறிக்கொண்டார்கள். வெல்லாவெளிக்குப் போகவேண்டிய ரீச்சரும் கணவரும், பிறகு போகலாம் என்று மண்டூர்வரை பாரமாக வந்தார்கள்.

அக்கா பாயில் கிடந்தார். தங்கையைப் பக்கத்தில் படுக்கவைத்தோம். இருவராலும் எழும்ப முடியவில்லை. தலையை மட்டும் திருப்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"என்னகா இப்பிடி வெளுத்துப்போய் வந்திருக்காய்?" என்றார் அக்கா.

"நீ என்ன பெரிய வடிவா கிடக்காய்?" என்றாள் இவள்.

சாயந்தரம் நான் புறப்படுவோமா என்று கேட்டபோது என் மனைவி தலையாட்டி மறுத்தாள். அந்தக் குற்றிகளை இன்னொரு தரம் தாண்டமாட்டேன் என்றாள். அவை கிடக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்றாள். அக்கா அந்த மாதமே போய்விட்டார். இவள் அங்கேயே இருந்தாள்.

குற்றிகளை அகற்றக் கோரி எழுதவேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். கிடைத்ததென்று பதில் வந்தது. வாரம்தோறும் குருமண்வெளியில் பாதை ஏறி, ஒரு கையில் மருந்தும் மறு கையில் செருப்புமாக, மனைவியைப் பார்க்கப் போய்வந்தேன். ஜீப் முற்றத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பிறகு வடக்கிலும் யுத்தம் முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மேலும் பல மாதங்கள் கழித்து, குற்றிகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று தம்பி வந்து சொன்னான். எந்தக் கடிதத்துக்காக எடுத்தார்கள் என்று தெரியவில்லை. என்னுடையதற்காக இல்லை.

அவளை அழைத்துவர அன்றே போனேன். ஏற்றுவதற்குக் கனமான ஆட்கள் யாரும் அகப்படவில்லை. அக்காவின் வட்டையில் விளைந்த நெல் வீட்டில் கிடந்தது. தங்கைக்கென்று அவர் சொல்லி வைத்துவிட்டுப் போன பங்கு. மூட்டைகளைப் பின்னால் அடுக்கினோம். ஜீப் தாழ்ந்தது. அவள் ஏறினாள்.

பாலத்தடியில், குற்றிகள் இருந்த இடத்துக்கு முன்னால், நான் ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தேன். டொக்டரின் கடிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காவல்கூண்டு நிழலில் ஒரு சிப்பாய் கதிரையைச் சாய்த்துக்கொண்டு கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தான். மறுபடியும் குனிந்துகொண்டான். நான் காத்திருந்தேன்.

"இஞ்சேருங்க," என்றாள் அவள் பின்னாலிருந்து. "ஒருத்தரும் மறிக்கல்ல. போங்க."