நபீஸா ராத்தாவின் மீஸான் கட்டை

இறந்தவரை அடக்கிய கபுறைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒருவரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கல்முனைக்குடியில் ஒருவர் இருக்கிறார். என் கூடப்பிறந்த அக்கா, நபீஸா ராத்தாதான் அவர்.

கொரோனா காலத்து மார்கழியில் ராத்தாவின் புருசன் ஆதம்பாவா மச்சான் அந்த நோய் வந்து ஆஸ்பத்திரியில் மௌத்தானார். உடலை, ஜனாஸாவை, அடக்கத் தந்துவிடுவார்கள் என்று நம்பி, கபுறின் தலைமாட்டில் நடுவதற்கு மீஸான் கட்டைகூடச் செதுக்கி வைத்தோம். தொற்றுப் பரவும் என்று சொல்லி எரித்துவிட்டார்கள். மதச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்று அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை சொல்கிறதாம். ராத்தாவின் மகன் ஸஜாத் வாசித்துக் காட்டினான். நன்றாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டால் வயிறு எரிகிறது. கட்டை அடுப்படிக்குப் பின்னால் கிடந்தது.

சில மாதம் கழித்து அடுத்த வீட்டு சுஹறாவின் புருசனும் அதே நோயில் மௌத்தானார். அதற்குள் அடக்க அனுமதி வந்திருந்தது. அந்த நோயில் மௌத்தானவர்களுக்கென்றே ஒதுக்கிய, தூரத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். ராத்தா அழவில்லை.

"அவவுக்கு மட்டும் என்னகா அப்பிடியொரு நசீபு?" என்று சுஹறாவின் அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் கேட்டார்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் சுஹறா வேன் பிடித்துப் போவார். திரும்பி வந்து, கபுறடியில் நட்ட செடி பூத்ததைச் சொல்வார். அந்த வேன் வழியில் நின்றுபோகட்டும் என்று ராத்தா வாய்விட்டே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். எரித்ததற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டபோது, "மன்னிப்பக் கொண்டுபோய் எங்ககா நடுற?" என்றார்.

இந்தப் பெருநாளுக்கு சுஹறா கூப்பிட வந்தார்.

"நீங்களும் வாங்க ராத்தா. அங்க நிண்டு ஆதம்பாவா காக்காவுக்கும் ஓதலாம்."

நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். ராத்தாவுக்குச் சுருக்கென்றது.

"உன்ட புருசன்ட கபுறடியில நான் இரவலுக்கா சலாம் சொல்ற?"

விறுவிறென்று போய்க் கட்டையை எடுத்துவந்து கழுவினார். ஸஜாத்தைக் கூப்பிட்டார்.

"நான் மௌத்தானா வாப்பாட கட்டையையும் என்ட கபுறுல நடுங்க மகன். வாறவங்க ரெண்டு பேருக்கும் சலாம் சொல்லட்டும்."

பிறகு சுஹறாவின் பக்கம் திரும்பினார்.

"உன்ட ஆள் ஓட்டமாவடியில. நீ மௌத்தானா உன்ன அடக்குற இஞ்ச. எனக்கு அப்பிடியில்ல, விளங்கிச்சா?"

சுஹறா படியில் உட்கார்ந்துவிட்டார். ஈரக்கட்டையைத் தடவினார்.

"ஓம் ராத்தா. உங்களுக்குத்தான் நசீபு."

ராத்தா அன்றைக்குத்தான் அழுதார்.