சித்திக்காகப் பிடித்த மீன்

எங்கள் சித்தி சாப்பிட வேண்டுமென்றால் வீட்டில் ஒரு மீன் உயிரோடு இருக்க வேண்டும். குழம்பில் அல்ல, கண்ணாடித் தொட்டியில். மெர்டேகா என்று சுதந்திரம் கிடைத்த அந்தக் காலத்தில் எங்கள் காஜா பெராங் பக்கத்தில் வேறெந்த வீட்டிலும் இப்படி ஒரு விதி இருந்திருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் எதையும் எனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியாமலும் எதுவும் நடக்காது.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். அந்த வருடம் அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, பேர் வைப்பதற்குள் இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சித்தி அழவில்லை. அதுதான் வீட்டாருக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. அழுகிறவளை எப்படித் தேற்றுவது என்பது எங்கள் தெருப் பெண்களுக்கு அத்துப்படி. அழாதவளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு வந்து, கொண்டுவந்த ஆறுதலை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். "உனக்கென்ன வயசா ஆயிருச்சு? அடுத்த வருஷமே இன்னொண்ணு வந்துரும்" என்பதைத்தான் எல்லாரும் கடைசியில் சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரையும் சித்தி ஒரே மாதிரிப் பார்த்தார். பிறகு பேச்சு நின்றது. அதன் பின் சாப்பாடும் நின்றது. அம்மா கஞ்சியைக் கரைத்து வாயருகே கொண்டுபோனால், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். இப்படியே போனால் இவளும் போய்விடுவாள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

சித்தப்பாவுக்கு ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கிடங்கில் வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த துரை, கொடி மாறியதும் ஊருக்கு மூட்டை கட்டினார். கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் ஆட்களுக்குக் கொடுத்தார். நாய் ஒருவருக்கு, பிரம்பு நாற்காலிகள் ஒருவருக்கு. எங்கள் சித்தப்பாவுக்கு இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு கடல் மீனும் வந்தன. "நாட்டுக்குச் சுதந்திரம், நமக்குத் தொட்டி" என்று அப்பா கேலி செய்தார். அடுத்த வீட்டுச் செட்டி ஆச்சி வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்து, கடலில் இருக்க வேண்டியதை வீட்டில் வைத்தால் நல்லதில்லை என்று தமிழ் மறந்துபோன தன் வம்சத்து மலாயில் சொன்னார். யார் கேட்டார்கள்?

மீன் அழகுதான். ஆரஞ்சு உடம்பு, அதைச் சுற்றி வெள்ளைப் பட்டைகள், பட்டையின் ஓரத்தில் மை தீட்டியது போலக் கறுப்பு. தொட்டியைக் கூடத்தில் வைத்த அன்றே சித்தியின் தலை சுவரிலிருந்து திரும்பியது. மீன் போகிற பக்கமெல்லாம் கண் போயிற்று. அம்மா கெட்டிக்காரர். சத்தமில்லாமல் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து சித்தியின் கையில் வைத்தார். மீனைப் பார்த்துக்கொண்டே சித்தி ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெங்காயம் உரிக்கிறாரோ என்று நான் போய்ப் பார்த்தேன்.

அந்த மீன் சில நாளிலேயே செத்து மிதந்தது. அன்று மத்தியானமே சித்தியின் சாப்பாடும் நின்றது. சித்தப்பா ஒரு பொழுது முழுக்கக் காணாமல்போய், மறுநாள் தகர டின்னில் இன்னொரு மீனோடு வந்தார். "செத்துப்போகல. மயங்கிக் கெடந்துச்சு. கடல் தண்ணியில விட்டதும் முழிச்சுக்கிச்சு, பாரு" என்றார். வாய் கூசாமல் சொன்னார். சித்தி தொட்டிக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது அது இல்ல."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சித்தி சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில், என்ன பேசினார் என்பதைச் சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படியோ தட்டு காலியாயிற்று. வீட்டுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் மீன்கள் நிலைக்கவில்லை. வருவதும் சாவதுமாக இருந்தன. சித்தி அவற்றைப் பார்த்துக்கொண்ட பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவார். சித்தப்பா லிம்போங்கான் கரையிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் கடல் தண்ணீரை, புக்கிட் ரம்பாயில் இருந்த தாய்வீட்டிலிருந்து சீராக வந்த தன் செப்புக்குடத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள்தான் தொட்டிக்கு மாற்றுவார். செம்பில் ஒரு ராத்திரி இருந்தால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத விஷயம். குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். செம்பு கடல் மீனுக்கு விஷம், உப்புத் தண்ணீரில் அது சுலபமாகக் கரைந்து இறங்கும் என்பதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சித்திக்கு அது கடைசிவரை தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மீண்டும் தொட்டி காலியானது. சித்தப்பா டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சித்தி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"நீயும் போ பிள்ள. அது எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு வாய் நீளம் என்று திட்டாதவர்கள் வீட்டில் யாரும் கிடையாது. அந்த வாயை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அழுது அடம்பிடித்துச் சித்தப்பாவின் சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

லிம்போங்கானில் சித்தப்பாவின் சிநேகிதர், ஒரு மலாய்ப் படகுக்காரர், சம்பான் படகோடு காத்திருந்தார். கடலுக்குள் தெரிந்த பூலாவ் உப்பேவுக்குப் போனோம். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. தீவின் ஓரத்தில் பவளப்பாறைகள் வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இடையே ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அடி தெரியும்படி தெளிவாக இருந்தது. நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். நீலம், மஞ்சள், கோடு போட்டது, புள்ளி வைத்தது என்று எல்லா நிறத்திலும் மீன்கள். நடுவில் கொழகொழவென்று விரல்களை ஆட்டிக்கொண்டு பூ மாதிரி ஒன்று. அதற்குள்ளிருந்துதான் எங்கள் ஆரஞ்சு மீன் வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொரு பெரியது. அப்புறம் நகத்தளவில் குட்டிகள். பெரியவை பூவை விட்டு விலகிப் போனால் குட்டிகள் ஓடி உள்ளே ஒளிந்தன. இதையெல்லாம் சித்தியிடம் எந்த வரிசையில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

படகுக்காரர் சாக்கிலிருந்து ஒரு கட்டு வேரை எடுத்தார். மீனை மயக்கும் விஷ வேர், தூபா என்பார்கள். அதைப் பாறையில் வைத்துச் சித்தப்பா நசுக்க நசுக்கப் பால் போல வடிந்தது. படகுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் மலாயில்தான்.

"நாங்க திங்கத்தான் தூபா போடுவோம். பாக்குறதுக்காகப் போட்டதில்ல."

"வலையைக் கண்டா கல்லுக்குள்ள பூந்துக்குது. வேற எப்படிப் புடிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

"இத்தனையும் சாகும், ஒண்ணுக்காக."

"எனக்கும் வீட்டுல ஒண்ணுதான் இருக்கு" என்றார் சித்தப்பா.

எங்கள் சித்தப்பா கோழி அறுக்கிற நாளில் கடைத்தெருவுக்குப் போய்விடுகிற ஆள். அவர்தான் அந்தப் பாலைப் பள்ளத்தில் ஊற்றினார். தண்ணீர் கலங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மீன்கள் கிறுக்குப் பிடித்தவை போலச் சுற்றின, பாறையில் முட்டின, வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து பக்கவாட்டில் சாய்ந்தன. இவ்வளவு மீன்கள் அந்தக் கல்லுக்குள் எங்கேதான் இருந்தனவோ, வந்துகொண்டே இருந்தன. சித்தப்பா முட்டளவு தண்ணீரில் இறங்கி, பட்டை எடுப்பாக இருந்த ஓர் ஆரஞ்சு மீனை இரு கையாலும் ஏந்தி, கலங்காத கடல் தண்ணீர் இருந்த டின்னில் விட்டார். அது கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுச் செவுளை அசைத்தது. அவர் முகம் மலர்ந்தது. அதன் ஜோடி பள்ளத்தின் ஓரத்தில் வயிறு மேலாகக் கிடந்தது. குட்டிகள் பூவின் மேலேயே உதிர்ந்து கிடந்தன. தின்னத் தக்க அளவில் இருந்ததைப் படகுக்காரர் பொறுக்கிக்கொண்டார். அது ஒரு பிடிகூடத் தேறவில்லை. பாக்கி எல்லாம் அங்கேயே கிடந்தன.

திரும்பும்போது சித்தப்பா என் தலையைத் தடவினார். "சித்திகிட்ட வலை போட்டுப் புடிச்சோம்னு மட்டும் சொல்லு பாப்பா. போதும்." நான் தலையாட்டினேன். ஆனால் சித்தி எனக்கு முன்னாலேயே வேலை கொடுத்துவிட்டார். ஒண்ணு விடாமல் என்றால் ஒண்ணு விடாமல்தான். முந்திச் சொன்னவருக்கு முந்திய நியாயம் என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். பூவைச் சொன்னேன், வேரைச் சொன்னேன், மீன்கள் எப்படிச் சுற்றின என்று கையை வைத்து ஆட்டிக் காட்டினேன். சித்தி குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"குஞ்சுங்களுமா?" என்று மட்டும் கேட்டார்.

"குஞ்சுங்கதான் சித்தி நெறைய."

தொட்டியில் மீன் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா தட்டை வைத்தார். சித்தி அதைத் தொடவில்லை. மீன் இருந்தும் சாப்பிடாதது அன்றுதான். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

விடிந்ததும் சித்தி தலை வாரிப் பின்னிக்கொண்டு, மீனைத் தகர டின்னில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வாசலுக்கு வந்ததே இல்லை.

"கொண்டுபோய் விட்டுரலாம்."

சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். இனிமேல் வேர் போட மாட்டேன், வலையாலேயே பிடிப்பேன் என்றார். "நீ சாப்பிடாமக் கெடந்தா நான் என்ன பண்ணுவேன்" என்று டின்னை வாங்கக் கை நீட்டினார். சித்தி டின்னைக் கீழே வைக்கவில்லை. சித்தப்பா வேலைக்குப் போகாமல், வாடகைக் காரைப் பிடித்து எங்களை லிம்போங்கானுக்குக் கூட்டிப் போனார்.

கடல் வற்றுகிற நேரம் பார்த்துச் சம்பான் தீவை நெருங்கியது. ராத்திரி ஏறி இறங்கிய கடல் பள்ளத்தைக் கழுவி விட்டிருந்தது. செத்தவை பெரும்பாலும் போய்விட்டன. பாறை இடுக்குகளில் மாட்டியிருந்ததை நண்டுகள் தின்றுகொண்டிருந்தன. நாற்றம் அடித்தது. தண்ணீர் மட்டும் முந்தைய நாளைப் போலவே தெளிவாக இருந்தது. அடியில் பூ அப்படியே விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் அசையவில்லை.

சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, டின்னைத் தண்ணீருக்குள் சாய்த்தார். மீன் வெளியே வந்து சற்று நின்றது. பிறகு நேராகப் பூவுக்குள் போயிற்று. போன வேகத்தில் வெளியே வந்தது. பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது.

எனக்குத் திருப்தியாக இருந்தது. அதன் வீட்டை அது கண்டுபிடித்துவிட்டது. சித்தியும் சந்தோஷப்பட வேண்டாமா என்று, நான் கண்டதைச் சொன்னேன்.

"சித்தி, இனிமே இந்தப் பள்ளம் முழுக்க அதுக்கு மட்டும்தான். வேற யாருமே இல்ல."

சித்தி அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சித்தப்பா அருகில் போய், தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். படகுக்காரர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கோ கோபம். நல்லதைத்தானே சொன்னேன், அதற்குப் போய் இப்படி அழுவார்களா என்று அவர்கள் யாரையும் பார்க்காமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பாறையில் குப்புறப் படுத்தேன். அத்தனை பெரிய வீடு தனக்கே கிடைத்த மீன் எவ்வளவு சந்தோஷமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.