தள்ளி வைத்த லயம்

நான் பயந்தாங்கொள்ளிதான். மழை வலுத்தால் உடனே பொன்முடிக்குப் போன் போடுவேன். அங்கே தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், நான் பிறந்த அதே வீட்டில் அக்கா இருக்கிறாள். நான் திருவனந்தபுரத்தில் ஒரு நிலப்பட ஆபீஸில் உட்கார்ந்து மலைகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறேன்.

அன்று விடாத மழை. இங்கே சாலைக் கடைத்தெருவே தண்ணீரில் நின்றது. போனை எடுத்த அக்கா சிரித்தாள்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. சூப்பர்வைசரு மேப்பு காட்டினாருட்டி. பழைய ஓடை அங்கிட்டு, நம்ம லயம் இங்கிட்டு. ஒரு கொழப்பமும் இல்லே.”

அதைக் கேட்டதும்தான் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அது எங்கள் ஆபீஸ் வரைந்த படம்.

அந்த ஓடையை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. லயம் கட்டும்போதே கல்லும் மண்ணும் கொட்டி மூடி, தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்களாம். மூடிய இடம் எதுவென்றே தெரியாமல் மேலே மரச்சீனிக் கிழங்கு நட்டு வளர்த்தோம். படத்தில் மட்டும் ஓடை இன்னும் ஓடுகிறது.

படம் வரைவதில் ஒரு வழக்கம் உண்டு. ஓடையும் கட்டடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே தெரியாது. அதனால் கட்டடத்தை ஒரு மயிரிழை தள்ளிப் போடுவோம். ஓடையைத் தள்ளக்கூடாது, வீட்டைத் தள்ளலாம். தாளில் மயிரிழை என்றால் மலையில் ஒரு தெரு அகலம். இது வரைகிறவர்களுக்குத் தெரியும், சூப்பர்வைசருக்கு எப்படித் தெரியும்?

சர்வேயர்கள் அந்த இடத்திலேயே நின்று அளந்த புள்ளிகளைத் திறந்தேன். லயத்தின் ஆறு வீடுகளும் ஓடைக்குக் குறுக்கே, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தன. மேலே சம உயரக் கோடுகள் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கிக் கிடந்தன, அவ்வளவு செங்குத்து. மறுபடி போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே அழுத்தினேன். பக்கத்து மேஜைக்காரர், “எந்து பற்றி?” என்று மலையாளத்தில் என்ன ஆச்சென்று கேட்டபடி எழுந்து வந்துவிட்டார்.

கடைசியில் எடுத்தாள். “அக்கா, மேப்பை நம்பாதே. வரையும்போது வீட்டைத் தள்ளி வச்சிருக்கோம்.”

“தள்ளி வச்சீங்களா? அப்போ நாங்க எங்கட்டி இருக்கோம்?”

“ஓடைக்குள்ளே இருக்கே அக்கா.”

போனை வைக்காமலே அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஓடைக்கு விலகி மேட்டில் இருக்கும் தேயிலை ஃபாக்டரிக்கு ஏறிவிட்டார்கள். மறுநாள் காலையில் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். லயத்தின் இரண்டு ஓரமும் நின்றன. நடுவில், எங்கள் அடுக்களை இருந்த இடத்தில், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.