இன்ஸ்பெக்டர் மாமா

அவருடைய உண்மையான பிழைப்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. காலை முழுக்க ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் தனியாக வைத்திருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, "கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படிக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் கம்பெனியில் மேனேஜர். மூன்று நாள் இவருடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நான்காவது நாள், "சார், போலீஸ் வேஷத்துக்கு ஆள் வேணும், வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

முதலில் ஜீப்புக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற போலீஸ். பிறகு "வண்டியை எடு" என்று சொல்கிற போலீஸ். இரண்டு வருஷம் போனதும் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வருகிற அந்தக் குற்றத் தொடருக்குத் தெருவே காத்திருக்கும். காய்கறிக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு சல்யூட் அடிப்பார். இவர் "அட, விடுங்கண்ணே" என்று கூச்சப்படுவது போலக் கையை ஆட்டுவார். உள்ளே குளிர்ந்துபோகும்.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவள் அவர் மனைவி. சமையலறையில் எலி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவர் இன்ஸ்பெக்டர். துடைப்பத்தோடு போகிறவள் அவள். கடையில் வாங்கிய சட்டையில் பொத்தான் இல்லையென்றாலும் திருப்பிக் கொடுக்கப் போக மாட்டார். "நீயே போய்க் கேளேன், அவன் ஏதாவது சொல்லிடுவான்" என்பார். யாரிடமும் முகம் கோணிப் பேச அவருக்கு வராது. அதை நல்ல குணம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார், மற்றவர்களும் சொன்னார்கள்.

அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த பெரிய எபிசோட் ஒன்று. பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் திருட்டுத்தனமாகக் கல்யாணம். இன்ஸ்பெக்டர் மண்டபத்துக்குள் நுழைந்து நிறுத்துகிறார். நீளமான வசனம். "இது கல்யாணம் இல்ல, குற்றம். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்த ஒவ்வொருத்தரும் இதுல கூட்டாளி." 'கூட்டாளி' வரும்போதெல்லாம் நாக்கு புரண்டது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு தடவை சரியாக வந்தபோது, விளக்குப் பிடிக்கிறவர் முதல் டீ கொடுக்கிறவர் வரை கைதட்டினார்கள். மணப்பெண்ணாக நடித்த குழந்தை நிஜமாகவே அழுதுவிட்டது.

அதை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்று மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மச்சான் குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை வைத்திருப்பவர். தாராளமான மனுஷன், கனத்த குரல், அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. சுவரை அடைத்த டிவியின் முன்னால் சோபாவிலும் தரையிலுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். வசனம் வந்தபோது மச்சானே விசிலடித்தார்.

"மாப்ள, கலக்கிட்டீங்க! எனக்கே ஒரு நிமிஷம் பயம் வந்துருச்சு."

தொடர் முடிந்து எழுத்துகள் ஓடும்போதே மச்சான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "எல்லாரும் இருக்கீங்க, இப்பவே சொல்லிடறேன். நம்ம குட்டிக்குப் பேசி முடிச்சாச்சு. நல்ல இடம். பையனுக்குச் சொந்தத் தொழில். இந்தப் பரீட்சை முடிஞ்சதும் வச்சுக்கலாம்."

குட்டி மச்சானின் மகள். பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு.

யாரும் அதிர்ச்சியடையவில்லை. அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு அந்த வயதில்தான் ஆகும். 'காலாகாலத்தில் முடிப்பது' என்று அதற்குப் பெயர். இவருடைய மனைவி இவர் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு. ஒரு கணம் அந்த அறையில் யாரோ ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று இவருக்குத் தோன்றியது. மச்சான் இவர் தொடையில் தட்டினார்.

"மாப்ள, பையன் வீட்ல எல்லாரும் உங்க ரசிகர்கள். பொண்ணுக்கு மாமா இன்ஸ்பெக்டர்னு சொன்னதும்தான் பேச்சே சூடு பிடிச்சுது. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நீங்கதான் நிக்கணும். முடிஞ்சா அந்த உடுப்போடயே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பார்க்கலாம் மச்சான்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது குட்டி துண்டோடு வந்து நின்றாள்.

"மாமா, அந்தப் பொண்ணு அப்புறம் ஸ்கூலுக்குப் போனாளா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"நீங்க காப்பாத்தின பொண்ணு."

"அது கதைம்மா. போயிருப்பா."

அவள் துண்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "எனக்கு வேணாம் மாமா. படிக்கணும். அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா? நீங்க சொன்னா கேட்பாரு."

"சமயம் பார்த்துச் சொல்றேன்" என்று அவர் துண்டை வாங்கிக்கொண்டார்.

சமயம் வந்தது. ஒன்றல்ல, பல. மச்சான் போனில் பேசினார், வழியில் பார்த்தார், கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பேச்சு நாக்கு நுனி வரை வரும், மச்சான் முகம் கறுத்துப்போவதை நினைத்துப் பார்ப்பார், விழுங்கிவிடுவார். அவள் அப்பா, அவர் பெண், நாம் யார் நடுவில் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாத்திரங்களை மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி வைத்தாள்.

கார் கற்றுக்கொள்ள வந்த ஆசிரியை ஒருவர், "சார், அந்த எபிசோடை எங்க பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டினோம்" என்று சொன்ன அன்று, சிக்னலில் பச்சை விழுந்ததையும் கவனிக்காமல் "நில்லுங்க, நில்லுங்க" என்று பிரேக்கை மிதித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். இவரும் மனைவியும் போயிருந்தார்கள். பையனின் சித்தப்பா இவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி நின்றார். ஒல்லியான உடம்பு, ஜலதோஷம் பிடித்த குரல், கையில் கைக்குட்டை. கூடவே குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள். தொடரில் இவர் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்திருந்தார். இந்த அதிகாரி ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"பொண்ணே போன் பண்ணியிருக்கா. டிவியில அந்தக் கல்யாண எபிசோட்ல கீழே ஓடின உதவி நம்பரைப் பார்த்து" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மச்சான் குதித்தார். "எம் பொண்ணு, என் வீடு, நீங்க யாரு கேட்க?" அதிகாரி அவர் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, "சரி, இப்ப பெரியவங்க ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரியின் பார்வை இவர் மேல் நின்றது.

"நீங்க?"

"பொண்ணோட... அத்தை வீட்டுக்காரர்."

"உங்களை டிவியில பார்த்திருக்கேன். உங்களுக்குத் தெரியுமா?"

மச்சானின் கண்கள் இவரைக் குத்திக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தார். "இல்லீங்க" என்றுதான் வந்தது.

அறையின் மூலையில் குட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் இவரைப் பார்த்தாள். பொய் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தபோது அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. சொல்லட்டும் என்றும் இருந்தது.

"மாமாவுக்குத் தெரியாது" என்றாள் குட்டி.

"எனக்குத் தெரியும்" என்றது இன்னொரு குரல். மனைவி. கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து முன்னால் வந்தாள். "எனக்குத் தெரியும் மேடம். அவ சொல்லாமலேயே தெரியும். எனக்கும் இப்படித்தான் ஆச்சு. அன்னிக்கும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. நான் இவ்வளவு நாள் சும்மா இருந்தது தப்பு."

அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கோ தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில் தானும் சிரித்துக்கொண்டிருந்ததுதான் அவருக்கு நினைவு வந்தது. அவளிடம் அதைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பதும்.

கல்யாணம் நின்றது. இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று மச்சானிடம் எழுதி வாங்கினார்கள். கொஞ்ச காலத்துக்குக் குட்டி வேறிடத்தில் இருப்பது நல்லது என்று அதிகாரி சொன்னபோது, "எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றாள் மனைவி. மச்சான் தங்கையோடு பேச்சை நிறுத்தினார். இவரோடு நிறுத்தவில்லை. "உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாப்ள, நீங்க நம்ம பக்கம்தான் நின்னீங்க" என்று போனில் சொன்னார். அந்த வார்த்தைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

அடுத்த வாரம் அவர் காவல் நிலையத்துக்குப் போனார். வகுப்பை ரத்து செய்துவிட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல். அதிகாரிக்கு இன்னும் ஜலதோஷம் விட்டபாடில்லை.

"மேடம், அன்னிக்கு நான் சொன்னது பொய். பொண்ணு என்கிட்ட முதல்லயே சொல்லிட்டா."

"தெரியும்" என்றார் அதிகாரி. "உங்க முகத்திலேயே எழுதியிருந்துச்சு. நீங்க நல்ல நடிகர் இல்ல சார்." பிறகு ஒரு தாளை எடுத்து, சொன்னதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.

அங்கிருந்தே மச்சானுக்குப் போன் செய்து, "நான் உங்க பக்கம் இல்ல மச்சான்" என்றார். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அவர் இத்தனை நாள் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

அவர் நினைத்தது போல மனசு லேசாகிவிடவில்லை. வீட்டில் குட்டி முன்னறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். அவர் அந்த வழியாகப் போகும்போது காலடிச் சத்தம் கேட்காமல் போவார். சனிக்கிழமைகளில் டிவி போடுவதில்லை. மனைவி பேசினாள், சாப்பாடு போட்டாள், கிண்டல் மட்டும் நின்றுபோயிருந்தது. ஒரு நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "இப்பதான் கேட்கத் தோணுச்சா?" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

குட்டியிடம் கேட்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. பரீட்சை முடிந்த மறுநாள் கேட்டார்.

"தெரியாதுன்னு ஏம்மா சொன்ன? நான்தான் பொய் சொன்னேனே."

அவள் புத்தகங்களைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில்.

"உங்க கை நடுங்கிச்சு மாமா. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு, கட்டின கயிற்றின் முடிச்சில் விரலை வைத்து அழுத்தும்படி அவரிடம் நீட்டினாள். அவர் குனிந்து விரலை வைத்தார்.