சுலோச்சனா நனைத்த கோடி

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் திண்டிவனத்திலிருந்து டிரைவர் ஏழுமலை வந்தார். ஏதோ தைக்கக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "தீபாவளி வரைக்கும் புதுசா எதுவும் வாங்கறதில்லைங்க" என்றேன். அவர் வாசலிலேயே நின்றார். "உங்க கூட்டாளி சுலோச்சனாம்மா விடிகாலம் தவறிட்டாங்கம்மா. அவங்க பொண்ணு மல்லிகா உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு" என்றார். "என்னாய்யா சொல்றே?" என்று கத்திவிட்டேன். பாவம், சேதி கொண்டுவந்த மனுஷன் மேல் எரிந்து விழுந்தேன். வேறு யார் மேல் விழுவது?

சுலோச்சனாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். திண்டிவனத்தில் நானும் அவளும் ஒரே கடையில் ஆளுக்கொரு மெஷின் போட்டுப் பல வருஷம் தைத்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் விழுப்புரத்துக்கு மாற்றல் வந்ததால் நான் இங்கே வந்தேன். அவள் அங்கேயே இருந்தாள். அவளிடம் ஜாக்கெட் தைத்துப் போட்டவர்கள் உங்களில் நிறையப் பேர். அவளை ஏசியவர்களும் இருப்பீர்கள். நீங்களும் படியுங்கள்.

எந்தத் துணி வந்தாலும் முதலில் அவள் அதைத் தண்ணீரில் போட்டுவிடுவாள். கடைக்குப் பின்னால் ஒரு பக்கெட், அதில் சாயம் நிற்க ஒரு பிடி கல்லுப்பு. ராத்திரி ஊறவைத்து, காலையில் அலசி, நிழலில் காயவைத்து, அதற்கப்புறம்தான் கத்திரிக்கோலை எடுப்பாள். ஓமந்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தைக்கக் குடுத்தா துவைச்சுப் போடறியே, நீ தையக்காரியா சலவைக்காரியா? ஜல்தியா குடும்மா" என்று சத்தம் போட்டாள். சுலோச்சனா சிரித்துக்கினே சொன்னாள்: "சுருங்கறது துணியோட இஷ்டங்க. உங்க ஒடம்பு மேல ஏறினப்புறம் சுருங்காம, என் பக்கெட்டிலேயே சுருங்கட்டும்." அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கல்யாணத் துணிக்கு மட்டும் விதிவிலக்கு. கோடி என்றாலே தண்ணீர் படாத புதுத்துணிதானே. ஓரத்தில் மஞ்சள் தடவி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும் ஜாக்கெட் துணியை அவள் பக்கெட் பக்கம் கொண்டுபோனதே இல்லை. சுருங்கினால் பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விட்டு அப்படியே தைத்துத் தருவாள். "அவங்க நம்பிக்கையில நாம ஏன்டி கை வைக்கணும்?" என்பாள். ஊரார் பெண்களுக்கெல்லாம் அவ்வளவு ஜாக்கிரதை.

சொந்த மகளுக்கு வரும்போதுதான் சறுக்கினாள். ஒரே மகள் மல்லிகா. அப்பா இல்லாத பிள்ளை. மாப்பிள்ளை மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும் மில்லில் வேலை பார்த்த பையன், நல்ல பையன். அவர்கள் கொண்டுவந்த முகூர்த்தப் புடவை சந்தன நிறம், ஜாக்கெட் துணி ரத்தச் சிவப்பு டூ பை டூ காட்டன். சுலோச்சனா துணியின் ஒரு மூலையை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். விரல் சிவந்துவிட்டது. நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். "வேர்வையில சாயம் எறங்குச்சுன்னா புடவை நாசமாப் போயிடும்டி. மணவறையில என் பொண்ணு கறையோட உக்காரணுமா?" என்றாள். பெற்றவள் மனசு. உப்புத் தண்ணீரில் நனைத்துப் பின்கட்டுக் கம்பியில் போட்டாள்.

அன்றைக்குப் பார்த்துத்தானா மாப்பிள்ளையின் அத்தை பூ விஷயமாகப் பேச வரவேண்டும்! கம்பியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த கோடியைப் பார்த்ததும் அந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "நனைச்ச கோடி எழவு வீட்டுக்குத்தான் ஆவும். எங்க புள்ளைய என்னா பண்ணலாம்னு இருக்கே?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். சுலோச்சனா காலில் விழுந்தாள். அதே சிவப்பில் வேறு துணி வாங்கி வந்து, மஞ்சள் தடவி, நனைக்காமல் தைத்தாள். கல்யாணம் நடந்தது. சாயமும் இறங்கியது, புடவையில் அக்குள் பட்ட இடமெல்லாம் சிவப்பு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆடிக்குள் அந்தப் பையன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கண் மஞ்சளாகி எத்தனையோ நாள் ஆனபின்னும் கைவைத்தியம் பார்த்துக்கினே இருந்துவிட்டு, நினைவு தப்பியதும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. எழவுப் பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்: "அன்னைக்கே கோடியை நனைச்சாளே, மகராசி." பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மல்லிகா அதைக் கேட்டாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன்.

மகள் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் இல்லை. சுலோச்சனா பக்கெட்டைத் தூக்கிப் பரணில் போட்டாள். எந்தத் துணியையும் நனைக்கவில்லை. நான் ஒருமுறை போனபோது, ஒருத்தி தைத்து ஒரு தரமே துவைத்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வீசினாள். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சுலோச்சனா கூலியைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பைத்தியமாடி உனக்கு? ஒரு பக்கெட் தண்ணியால எவனாவது சாவானா?" என்று கத்தினேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "மல்லிகா ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ சொல்லி என்னா ஆவப்போவுது?"

நான் மல்லிகாவிடமும் பேசினேன். "சொல்றேன் சித்தி" என்றாள். சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். சுலோச்சனா சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு எழுந்திருப்பதையே குறைத்தாள். டாக்டர் ரத்தசோகை என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மல்லிகா என் மடியில் விழுந்து, "நீ பண்ணலம்மான்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாமே சித்தி. நாக்கு வரைக்கும் வரும். அவரு மொகம் ஞாபகம் வந்துரும், முழுங்கிடுவேன்" என்று கதறினாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று என் கடைக்கு மறுக்க முடியாத ஒரு கல்யாண ஜாக்கெட் துணி வந்தது. அடர்த்தியான ஊதா, சாயம் நிற்காத ரகம். பெண்ணின் அம்மா விவரமானவள். "கோடி கீடின்னு பார்க்காதீங்க அக்கா, நனைச்சே தைங்க" என்று அவளே சொன்னாள். தண்ணீர் பிடித்து வைத்தேன். துணியைக் கையில் எடுத்தேன். மாப்பிள்ளை யாரென்றுகூட எனக்குத் தெரியாது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சுலோச்சனாவிடம் தொண்டை கிழியக் கத்திய நான், தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் துணியை அப்படியே வெட்டினேன். அவளுடைய கைநேர்த்தி எனக்கு வரவே இல்லை. அவளைத் தின்ற பயம் வந்துவிட்டது.