கப்டன் மேல் அருளையாவுக்கு இருந்த எரிச்சல்

அருளையாவைப் பார்த்தால் பொறாமைக்காரன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வுச்சீரியாச் சந்தையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவன், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு 2016இல் வயிறு எரியத் தொடங்கியது. அதுவும் தோற்றுப்போன ஓர் இராணுவக் கப்டனைப் பார்த்து.

கப்டனின் பெயர் பக்காரி. மேற்கு ஆபிரிக்காவில் ஒரு குட்டி நாடு அவனுடையது. அங்கே தன் ஆட்களோடு விடியற்காலையில் வானொலி நிலையத்தைப் பிடித்து, ஆட்சி கவிழ்ந்தது என்று தானே அறிவித்தவன். கூட வருவதாகச் சொன்ன மற்றப் படைப்பிரிவு வரவில்லை. மத்தியானத்துக்குள் கதை முடிந்தது. கப்டன் எல்லை தாண்டி, லிபியாவுக்கு வந்து, படகேறி, கடைசியில் அருளையாவுக்குப் பக்கத்துத் தொட்டியில் சட்டி தேய்க்க வந்து சேர்ந்தான். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் அருளையா இருந்த அறையிலேயே அவனுக்கும் ஒரு கட்டில் கிடைத்தது.

முதலில் இரக்கம்தான் இருந்தது. அருளையா தன் சோற்றிலும் பருப்பிலும் பாதியைக் கொடுத்தான். எரிச்சல் பிடித்தது வதிவிடப் பேப்பர் விசயத்தில். அகதி மனுக்களை விசாரிக்கிறவர்கள், உன் நாட்டில் என்ன செய்தாய் என்று கப்டனைக் கேட்டார்கள். அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன், நான்தான் தலைவன் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். தன் படம் வந்த பத்திரிகையையும் எடுத்துக் காட்டினான். முழு அகதி அந்தஸ்தோடு பெர்மெஸ்ஸோ என்ற ஐந்து வருட வதிவிட அனுமதி கையில் வந்தது. அந்தப் பேப்பர் இருந்தால் வீடும் வருமானமும் காட்டாமலே மனைவியைக் கூப்பிடலாம்.

சில வருடங்களுக்கு முன் அதே கதிரையில் அருளையாவும் இருந்தவன்தான். வன்னியில் கடைசி மாதங்களில் இயக்கத்துக்குப் பங்கர் வெட்டியவன், காயக்காரரை உழவு இயந்திரத்தில் ஏற்றி இறக்கியவன். ஆனால் என்ன செய்தாய் என்று கேட்டதும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

ஊரில் ஆமிக்காரர் மறித்து விசாரிக்கிற சென்றிப் பொயின்ற்றுகளில் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பதில் அது. அங்கே அந்தப் பதில்தான் உயிரைக் காப்பாற்றியது. இங்கே அதைக் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, ஒன்றும் செய்யாதவனுக்குரிய சின்னப் பேப்பரைக் கொடுத்தார்கள். அதை வைத்து மனைவியைக் கூப்பிட, சொந்தப் பெயரில் வீட்டு ஒப்பந்தமும் பதிவில் நல்ல சம்பளமும் வேண்டும். முதலாளியோ அவன் செய்கிற வேலையில் பாதியைத்தான் பதிந்திருந்தார்.

மனைவி பவளராணி கிளிநொச்சியில் இருந்தாள். கப்டனின் கதையைத் தொலைபேசியில் கேட்டவள், "நீங்களும் செய்ததைச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள்.

"இஞ்சை செய்தவனுக்குத்தான் மரியாதை எண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்று அருளையா சீறினான். அவளோடு அவன் அப்படிக் கதைத்ததில்லை.

அதற்குப் பிறகு கப்டன் எது செய்தாலும் கண்ணைக் குத்தியது. அருளையாவுக்கு ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லியிராத சமையற்காரர், கப்டனைக் 'கப்பித்தானோ' என்று கூப்பிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். தோற்ற கதையைச் சொல்லச்சொல்லி எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். ஜெயித்திருந்தால் இவனைத் தாங்கியிருக்கவே முடியாது என்று அருளையா கரித்துக்கொட்டினான். மனைவிக்கு விசா கிடைத்ததும் கப்டன் பல்கனி வைத்த தனி அறை எடுத்து, இரட்டைக் கட்டிலும் வாங்கினான். மெத்தையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினவன் அருளையாதான். இவன் கால் தவறி விழமாட்டானா என்று அப்போது நினைத்தான்.

மனைவி வரும் நாளில் துணைக்கு வரச்சொல்லிக் கப்டன் கேட்டான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளைப் பார்க்காமல் அருளையாவால் இருக்க முடியாது என்று பட்டது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பஸ் ஏறி இருவரும் விமான நிலையம் போனார்கள். கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் கப்டன் கையிலிருந்த பூங்கொத்தை நிமிர்த்தினான். வரக்கூடாது, வரவே கூடாது என்று அருளையாவின் மனம் அடித்துக்கொண்டது. அது தன் மனம்தானா என்று அவனே திடுக்கிட்டான்.

அவள் வரவில்லை. கடைசிப் பயணியும் போன பிறகு கப்டன் போன் எடுத்தான். நெடுநேரம் காதில் வைத்திருந்தான். அவன் பேசியது கொஞ்சம்தான். திரும்பும் பஸ்ஸில்தான் அருளையாவிடம் சொன்னான். வானொலி நிலையத்துக்கு அவன் கூட்டிப்போனவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். பிடிபட்ட எல்லோரையும் சுட்டுவிட்டார்கள். தலைவன் மட்டும் எல்லை தாண்டினான். அந்தத் தலைவனோடு ஒரு கட்டிலில் படுக்கத் தன்னால் முடியாது என்று அவள் சொல்லிவிட்டாளாம். இந்தக் கதையை அவன் சமையலறையில் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு கப்டன், உன் மனைவிக்குப் பேப்பர் கிடைத்தால் வருவாளா என்று கேட்டான்.

நாளைக்கே வருவாள் என்றான் அருளையா.

கப்டன் திரும்பி அவனைப் பார்த்தான். அது என்ன பார்வை என்று அருளையாவுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இத்தனை மாதமாகக் கப்டனை அவன் பார்த்ததும் அப்படித்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.